ஆண்டிபட்டிக் கணவாய்க்கு மேற்கிலிருந்து ஒரு மடல்

பெறுநர்:
தமிழ்நாடு முதலமைச்சர் அலுவலகம்,
தலைமைச் செயலகம்,
புனித ஜார்ஜ் கோட்டை, சென்னை.

மதிப்பிற்குரிய அலுவலகத்தாருக்கு,

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து இந்த மடலை ஒரு தலைவரின் பெயருக்கு எழுதாமல் அலுவலகத்துக்கு எழுதுகிறோம். தலைவர்கள் வருவார்கள், போவார்கள். கோப்பு அங்கேயே இருக்கும். எங்கள் ஊர்களின் பெயர் எழுதிய கோப்புகள் பல ஆட்சிகளைக் கண்டவை. ஆகவே இன்று அந்த நாற்காலியில் இருப்பவருக்கும், நாளை அதில் அமர வேண்டும் என்று எங்கள் வாசலில் வந்து கைகூப்பப் போகிறவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம். படித்துவிட்டுப் பத்திரமாக வையுங்கள். அடுத்து வருபவரும் படிக்கட்டும்.

இப்படி எழுத எங்களுக்கு ஓர் உரிமை இருக்கிறது. அது எப்படி வந்தது என்பதை ஓர் ஒப்பீட்டோடு சொல்கிறோம். அமெரிக்காவில் ஒரு மாநிலத்தை ஆள்பவர் ஆளுநர். அவரை அந்த மாநிலத்து மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆளுநர் வேட்பாளர் எங்கே வளர்ந்தார், என்ன வேலை பார்த்தார், வந்தால் முதலில் எதைச் செய்வார் என்று வாக்காளர்கள் மாதக்கணக்கில் விசாரிக்கிறார்கள். நம் நாட்டில் ஆளுநரை அரசியலமைப்பின் 155-ம் பிரிவின்படி குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். ஆட்சி நடத்தும் முதலமைச்சரோ சட்டமன்றப் பெரும்பான்மையால் வருகிறார். 'முதல்வர் வேட்பாளர்' என்ற சொல் மேடைக்கு மேடை ஒலித்தாலும் வாக்குச்சீட்டில் அப்படியொரு பதவி இல்லை. 234 தொகுதிகளில் ஒரே ஒரு தொகுதியின் வாக்காளர்கள்தான் முதல்வராகப் போகிறவரின் பெயருக்கு நேராகத் தங்கள் கையாலேயே வாக்கைப் பதிக்க முடியும். அந்த வாய்ப்பு எங்கள் தேனி மாவட்டத்துக்குத் திரும்பத் திரும்பக் கிடைத்திருக்கிறது.

நாங்கள் பார்த்த நால்வர்

1936-லிருந்து தொடங்குவோம். உத்தமபாளையத்தில் பிறந்த பி.டி.ராஜன் அந்த ஆண்டு ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தார். நீதிக்கட்சித் தலைவர், இங்கிலாந்தில் படித்த பாரிஸ்டர், பெரும் நிலக்கிழார் குடும்பம். பெரும்பாலும் சொத்து உள்ளவர்களுக்கே வாக்குரிமை இருந்த காலம் அது. பெரும்பாலான எங்கள் தாத்தாக்களும் பாட்டிகளும் அப்போது வாக்காளர்களே அல்லர்.

அடுத்து 1984. எம்.ஜி.ஆர். நியூயார்க்கின் புரூக்ளின் மருத்துவமனையில் சிகிச்சையில் இருந்தார். அங்கிருந்தபடியே ஆண்டிபட்டியில் போட்டியிட்டார். ஒரு தெருவுக்குக்கூட வரவில்லை. வந்து வாக்குக் கேட்க அவர் உடம்பு இடம் கொடுக்கவில்லை. ஆனாலும் டிசம்பர் 24-ம் தேதி எங்கள் மக்கள் வரிசையில் நின்று அவரை வெற்றி பெறச் செய்தார்கள். 1985 பிப்ரவரியில் நாடு திரும்பி மீண்டும் முதல்வரானார். இலங்கையில் நாவலப்பிட்டியில் பிறந்து, சிறு வயதிலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்து, திரையில் உயர்ந்தவர். அவருக்கும் ஆண்டிபட்டியின் செம்மண்ணுக்கும் பிறப்பால் ஒரு தொடர்பும் கிடையாது.

மூன்றாமவர் ஜெயலலிதா. 1989-ல் போடிநாயக்கனூர் அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. அங்கேதான் தமிழ்நாட்டின் முதல் பெண் எதிர்க்கட்சித் தலைவரானார். 2001 செப்டம்பர் 21-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் முதல்வர் பதவியை இழந்தவருக்கு, மறுபடி கோட்டைக்குள் நுழைய வழி திறந்ததும் எங்கள் மாவட்டம்தான். ஆண்டிபட்டியின் உறுப்பினர் தங்க தமிழ்ச்செல்வன் பதவி விலகினார். 2002 பிப்ரவரி இடைத்தேர்தலில் ஜெயலலிதா வென்றார். மார்ச் 2-ம் தேதி முதல்வரானார். 2006-லும் ஆண்டிபட்டியே அவர் தொகுதி.

நான்காமவர் இந்த மண்ணின் பிள்ளை. பெரியகுளத்தில் தேநீர்க் கடை நடத்திய குடும்பத்திலிருந்து வந்து, 1996-ல் அவ்வூர் நகராட்சித் தலைவராகி, 2001-ல் பெரியகுளம் சட்டமன்ற உறுப்பினரான ஓ.பன்னீர்செல்வம். அதே ஆண்டு செப்டம்பரில் முதல்வர். பெரியகுளம் தனித்தொகுதியான பிறகு போடிநாயக்கனூருக்கு வந்தார். அங்கே வென்ற உறுப்பினராக 2014 செப்டம்பரிலும் 2016 டிசம்பரிலும் மீண்டும் முதல்வர். 2017 ஜனவரியில் சல்லிக்கட்டுக்கான அவசரச் சட்டம் வந்தது அவர் பொறுப்பில் இருந்த நாட்களில்.

பாரிஸ்டர், திரைக் கலைஞர், மைசூர் மண்ணில் பிறந்த நட்சத்திரம், உள்ளூர்த் தேநீர்க் கடைக்காரர். ஒரு முதல்வருக்கு இருக்கக்கூடிய பின்புலங்களில் அநேகமாக எல்லாவற்றையும் எங்கள் மாவட்டம் பார்த்துவிட்டது. வெளியூர்க்காரரை நம்பி வாக்களித்தோம். உள்ளூர்க்காரரை உரிமையோடு அனுப்பினோம். ஏழையாகப் பிறந்தவரையும் செல்வத்தில் பிறந்தவரையும் அந்த நாற்காலியில் கண்டோம்.

இத்தனைக்கும் பிறகு எங்களுக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. வேட்பாளரின் பிறந்த ஊரைக் கேட்டால் அவரைப் பற்றி ஒரு கதை கிடைக்கும். நம் ஊருக்கு என்ன நடக்கும் என்பது அதில் தெரியாது. அது அவருடைய முன்னுரிமையில்தான் இருக்கிறது.

முதல்வரின் தொகுதியாக இருந்ததால் எங்களுக்கு எதுவுமே வரவில்லை என்று சொல்ல மாட்டோம். அது நன்றிகெட்ட பேச்சு. ஆண்டிபட்டி வட்டத்தில் க.விலக்கில் நிற்கும் அரசு மருத்துவக் கல்லூரி ஆயிரக்கணக்கான உயிர்களுக்கு நிழல் தந்திருக்கிறது. அதற்கு முன் பாம்புக் கடிக்கும் பிரசவச் சிக்கலுக்கும் கணவாய் தாண்டி மதுரைக்கு ஓடினோம். போடியில் 2012-ல் அரசுப் பொறியியல் கல்லூரி வந்தது. பிறகு சட்டக் கல்லூரி, கால்நடை மருத்துவக் கல்லூரி. கட்டடமாகக் கேட்டவை பெரும்பாலும் கிடைத்தன. அடிக்கல் நாட்டி, நாடா வெட்டி, கல்வெட்டில் பெயர் பொறிக்கக் கூடியவை கிடைத்தன. தண்ணீர், கூலி, விலை, காடு இந்த நான்குக்கும் கல்வெட்டு வைக்க முடியாது. அவைதான் இன்னும் காத்திருக்கின்றன.

பொங்கல் பானையில் ஓர் ஆங்கிலேயர்

ஆண்டுதோறும் ஜனவரி 15-ம் தேதி எங்கள் ஊர்களுக்கு யாராவது வந்து பாருங்கள். பாலார்பட்டியிலும் கூடலூரிலும் லோயர் கேம்பிலும் பெண்கள் பொங்கல் பானை ஏற்றிக் குலவை இடுவார்கள். படத்தில் மாலையோடு இருப்பவர் கர்னல் ஜான் பென்னிகுயிக். 1841-ல் புனேயில் பிறந்த ஆங்கிலேயர். நம்மை அடிமைப்படுத்திய அரசின் ஊழியர். எங்கள் மொழி, மதம், சாதி எதுவும் அவருக்கு இல்லை. எங்களிடம் அவர் வாக்கும் கேட்டதில்லை. ஆனாலும் வீட்டுக் கூடத்தில் தாத்தா படத்துக்குப் பக்கத்தில் அவர் படம் மாட்டியிருக்கும். பிள்ளைக்கு அவர் பெயரை வைத்த குடும்பங்களும் இங்கே உண்டு.

ஏன்? 1876-ல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் மதுரைச் சீமையைச் சுடுகாடாக்கிய காலத்தை அடுத்து அவர் வந்தார். மேற்கே ஓடி அரபிக் கடலில் கலக்கும் பெரியாற்றை மலைக்குள் தடுத்து, சுரங்கம் குடைந்து கிழக்கே திருப்புவது ஒன்றே அவருக்கு வேலையாக இருந்தது. 1886 அக்டோபர் 29-ல் திருவிதாங்கூர் சமஸ்தானத்தோடு 999 ஆண்டுக் குத்தகை. 8,000 ஏக்கருக்கு ஏக்கர் 5 ரூபாய். அடுத்த ஆண்டு வேலை தொடங்கியது. வெள்ளமும் காய்ச்சலும் தொழிலாளர்களைக் கொத்துக் கொத்தாகக் கொண்டுபோயின. 1895 அக்டோபரில் சென்னை மாகாண ஆளுநர் வென்லாக் பிரபு அணையைத் திறந்துவைத்தார்.

இதில் உங்கள் அலுவலகம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. திறந்துவைத்த ஆளுநரின் பெயர் இங்கே எவருக்கும் நினைவில் இல்லை. வேலையை முடித்தவரின் பெயர் நூற்றாண்டு தாண்டியும் பொங்கல் பானையில் இருக்கிறது. எங்கள் மக்கள் யாரை ஞாபகம் வைத்துக்கொள்வார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

முதலில் தண்ணீர்

வாக்குறுதிகளை எல்லாரும் தருகிறார்கள். நாங்கள் கேட்பது வரிசை. எது முதலில், எது பிறகு, எதற்காக எதை விட்டுக்கொடுப்பீர்கள் என்ற வரிசை. அந்த வரிசையில் எங்கள் தலைப்பு எப்போதும் ஒன்றுதான்: தண்ணீர்.

தேக்கடித் தலைமதகு திறந்தால் தண்ணீர் சுரங்கத்தில் இறங்கி, ராட்சதக் குழாய்கள் வழியே லோயர் கேம்ப் மின் நிலையத்தைச் சுழற்றிவிட்டு, முல்லைப் பெரியாறாக ஓடி, வைகை அணையைச் சேர்கிறது. வழியில் லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இருபோக நெல். அதற்குக் கீழே மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, ராமநாதபுரம். ஒரு மதகைத் திறந்தால் ஐந்து மாவட்டங்களில் அடுப்பு எரிகிறது.

முல்லைப் பெரியாறு அணையின் முழு நீர்மட்டம் 152 அடி. பலப்படுத்தும் பணிக்காக 1979-ல் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. பணி முடிந்த பிறகும் அந்தக் குறைப்பு எங்கள் தலையில் நிலைத்தது. 2006 பிப்ரவரியில் 142 அடி வரை தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அடுத்த மாதமே கேரள சட்டமன்றம் அதைத் தடுக்கச் சட்டம் இயற்றியது. 2014 மே 7-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தச் சட்டத்தைச் செல்லாததாக்கியது. அந்த ஆண்டு நவம்பரில் நீர் 142 அடியைத் தொட்டது. வழக்கை விடாமல் நடத்தியவர் ஜெயலலிதா. நீர் உயர்ந்த நாளில் முதல்வராக இருந்தவர் பன்னீர்செல்வம். அன்று கூடலூரில் இனிப்பு வழங்காத தெரு இல்லை. 35 ஆண்டுகளில் ஒரு தலைமுறையே விவசாயத்தை விட்டுப் போயிருந்தது. அப்படிப் போனவர்களும் அன்று வந்து நின்று பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு? முக்கிய அணையை ஒட்டியுள்ள பேபி அணையைப் பலப்படுத்தினால் 152-க்குப் போகலாம். பலப்படுத்த 15 மரங்களை வெட்ட வேண்டும். 2021 நவம்பரில் கேரள வனத்துறை அனுமதி கொடுத்தது. சில நாட்களில் அந்த அரசே அதை நிறுத்திவைத்தது. 15 மரங்களுக்குக் கீழே ஐந்து மாவட்டங்களின் நீர் அடைபட்டுக் கிடக்கிறது.

மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கியில் இருக்கும் மக்களின் அச்சத்தை நாங்கள் எள்ளி நகையாட மாட்டோம். அவர்களும் குழந்தைகளை உறங்கவைத்துவிட்டு மழைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பவர்கள்தான். அணை பலமாக இருக்கிறது என்று நீதிமன்றம் சொன்னதை அவர்களுக்கு அவர்கள் மொழியில், பொறியாளர்களைக் கொண்டு, திரும்பத் திரும்ப விளக்குவது நம் அரசின் வேலை. அதையும் சேர்த்தே செய்யும் முதல்வர் வேண்டும். வழக்கறிஞரை டெல்லிக்கு அனுப்புவதோடு கடமை முடிந்தது என்று எந்த வேட்பாளரும் எண்ண வேண்டாம்.

எங்கள் பக்கமும் நேர்மையாகப் பேச வேண்டியது உண்டு. லோயர் கேம்பிலிருந்தே குழாய் பதித்து மதுரைக்குக் குடிநீர் கொண்டுபோகும் திட்டத்தைப் பள்ளத்தாக்கு விவசாயிகள் எதிர்த்தார்கள். மதுரைக்குத் தண்ணீர் தர மனமில்லாமல் எதிர்க்கவில்லை. ஆற்றில் ஓடி வைகை அணைக்குப் போனால் வழியெல்லாம் கிணறு ஊறும், நிலத்தடி நீர் ஏறும். குழாயில் போனால் எங்கள் வாசலைக் கடந்துபோவதே தெரியாது. இந்த அச்சத்தை நேரில் உட்கார்ந்து கேட்டுப் பதில் சொல்லியிருந்தால் பாதிக் கசப்பு மறைந்திருக்கும்.

வைகை அணையையும் சொல்ல வேண்டும். 1959-ல் திறக்கப்பட்ட, 71 அடி வரை நீர் தேக்கும் அணை அது. அதற்காகக் கிராமங்கள் மூழ்கின. வீடு வாசலை விட்டு வெளியேறிய சனங்களின் கதையைத்தான் வைரமுத்து 'கள்ளிக்காட்டு இதிகாசம்' என்று எழுதி 2003-ல் சாகித்ய அகாதெமி விருது பெற்றார். அந்த நிலத்தை விழுங்கிய அணையில் இன்று வண்டல் ஏறிக் கிடக்கிறது. அணை இருப்பது ஆண்டிபட்டி வட்டத்தில். ஆண்டிபட்டிக் கண்மாய்கள் வானம் பார்த்துக் கிடக்கின்றன. இரண்டு முதலமைச்சர்களுக்கு வாக்களித்த தொகுதியின் மானாவாரிக் காடுகளுக்கு வாய்க்கால் வெட்டும் பேச்சு தேர்தலுக்குத் தேர்தல் எழுகிறது, வாக்கு எண்ணி முடிந்ததும் அடங்குகிறது.

ஜீப்பில் ஏறும் பெண்கள்

அடுத்தது வேலை. விடியும் முன்னே போடியிலும் தேவாரத்திலும் கம்பத்திலும் கூடலூரிலும் ஜீப்புகள் உறுமும். தூக்குவாளியில் பழைய சோறும், தலையில் கட்டத் துண்டும், மழைக்குப் போர்த்தப் பிளாஸ்டிக் தாளுமாகப் பெண்கள் ஏறுவார்கள். போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குப் போவார்கள். செடிக்கு அடியில் குனிந்து பகலெல்லாம் காய் எடுப்பார்கள். இருட்டிய பிறகு வீடு திரும்பி அடுப்பு மூட்டுவார்கள்.

ஏலக்காய்க்குப் பேர்போன சந்தை போடி. காய் விளைவது இடுக்கியில். பறிக்கும் கை தேனி மாவட்டத்துடையது. 1956-ல் மாநில எல்லை வகுத்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு போயின. நிலம் போனது, வேலை போகவில்லை. அதனால் எங்கள் பெண்கள் தினமும் எல்லை கடக்கிறார்கள்.

இரண்டு அரசுகளுக்கு நடுவே நிற்கும் இவர்களை எந்த அரசும் முழுதாகக் கணக்கில் எழுதுவதில்லை. 2011 டிசம்பரில் அணைப் பிரச்சினை கொதித்தபோது தோட்டங்களிலிருந்து விரட்டப்பட்டு மலைப்பாதையில் நடந்தே இறங்கியவர்கள் இவர்கள்தான். 2020 ஊரடங்கில் எல்லை மூடியபோது அடுப்பு அணைந்ததும் இவர்கள் வீட்டில்தான். வளைவுப் பாதையில் அளவுக்கு மீறி ஆளேற்றிய ஜீப் கவிழும்போதெல்லாம் செய்தித்தாளில் ஒரு நாள் வருகிறார்கள், மறுநாள் மறைகிறார்கள்.

இவர்களுக்காக நாங்கள் கேட்பது பெரிய செலவுள்ள காரியமல்ல. தினமும் எல்லை கடந்து வேலைக்குப் போவோரின் பெயர்ப் பட்டியல் ஒன்று மாவட்டத்தில் வேண்டும். விபத்துக் காப்பீடு வேண்டும். அதிகாலையிலும் மாலையிலும் மெட்டுச் சாலைகளில் அரசுப் பேருந்து ஓட வேண்டும். தேவாரத்து மக்கள் பல்லாண்டாகக் கேட்கும் சாக்குலூத்து மெட்டுச் சாலைக்கு, முடியும் என்றோ முடியாது என்றோ ஒரு முடிவான பதில் வேண்டும். கூலி, மருத்துவம், பிள்ளைகள் படிப்பு பற்றி இரு மாநிலத் தொழிலாளர் துறைகளும் ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒரே மேசையில் உட்கார வேண்டும். இரண்டு முதலமைச்சர்கள் மனம் வைத்தால் ஒரு பிற்பகலில் முடிகிற ஏற்பாடு இது.

விலை, ரயில், காடு

காமயகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டி, ஆனைமலையன்பட்டிப் பக்கம் பந்தல் பந்தலாகத் தொங்கும் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆண்டு முழுதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுவடை நடக்கும் அதிசயம் இந்தப் பள்ளத்தாக்குக்கு உண்டு. குறியீடு கிடைத்ததில் பெருமைதான். ஆனால் கவாத்து வெட்டி நான்கு மாதம் காத்திருந்தவர், அறுவடை நேரத்தில் மழை பெய்து பழம் வெடித்தால், வந்த விலைக்குத் தள்ளிவிட்டுக் கடனோடு வீட்டுக்கு நடக்கிறார். குளிர்பதனக் கிடங்கும் பழச்சாறு ஆலையும் தேர்தல் அறிக்கைகளில் பல முறை கட்டப்பட்டுவிட்டன. நிலத்தில் ஒன்று கட்டுங்கள்.

ரயில் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறோம். 1928-ல் வந்த மதுரை–போடி மீட்டர் கேஜ் பாதை, அகலப்பாதையாக்குவதற்காக 2010 கடைசியில் நிறுத்தப்பட்டது. தேனிக்கு ரயில் திரும்பியது 2022 மே மாதம். போடிக்கு 2023 ஜூன். தொண்ணூறு கிலோமீட்டருக்குப் பன்னிரண்டு ஆண்டுகள். இந்தக் காலத்தில் மாநிலத்தில் முதல்வராகவும் துணை முதல்வராகவும் எங்கள் தொகுதிக்காரரே இருந்தார். ரயில் மத்திய அரசின் பொறுப்பு என்பது தெரியும். ஆனால் மாநிலத்தின் குரல் எவ்வளவு விடாப்பிடியாக இருக்கிறதோ அவ்வளவு வேகமாகத் தண்டவாளம் நகரும். திண்டுக்கல்லிலிருந்து கம்பம் வழியாகக் குமுளி நோக்கி ஒரு பாதை என்ற பழைய கோரிக்கைக்கு அந்தக் குரலைக் கொடுங்கள். சபரிமலைக்குப் போகும் பக்தருக்கும், சந்தைக்குப் போகும் வாழைத்தாருக்கும் அது ஒரே பாதை.

காடு எங்கள் தண்ணீரின் தாய்வீடு. 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. வைகை பிறக்கும் மலையைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் எங்களுக்கு இரண்டாவது கருத்து இல்லை. வருசநாட்டு மலைக்கிராமங்களில் தலைமுறையாக உழுது பிழைப்பவர்களும் மலையின் பழங்குடிகளான பளியர்களும் தங்கள் நிலம் நாளை தங்களுடையதா என்று தெரியாமல் உறங்கப் போகிறார்கள் என்பதிலும் இரண்டாவது கருத்து இல்லை. 2006-ல் இயற்றிய வன உரிமைச் சட்டத்தின்படி யாருக்கு உரிமை உண்டு, யாருக்கு இல்லை என்று ஊர் ஊராக உட்கார்ந்து எழுதி முடித்தால் புலியும் வாழும், மனிதரும் வாழ்வார்கள். முடிவெடுக்காமல் தள்ளிப்போடுவதுதான் இருவருக்கும் கேடு. 2018 மார்ச் 11-ல் குரங்கணிக் காட்டுத்தீயில் 23 பேர் மாண்டார்கள். காட்டைக் கவனிக்காத அரசுக்குக் காடு என்ன விலை கேட்கும் என்பதை அன்று கண்டோம்.

வேட்பாளர்களுக்கு

இனி வாக்குக் கேட்டு வரப்போகிறவர்களுக்கு ஒரு சொல்.

உங்கள் அப்பா என்ன தொழில் செய்தார், நீங்கள் எந்த ஊரில் பிறந்தீர்கள், எத்தனை படத்தில் நடித்தீர்கள், எத்தனை முறை சிறை சென்றீர்கள் என்பதையெல்லாம் மரியாதையோடு கேட்டுக்கொள்வோம். கஷ்டப்பட்டு மேலே வந்தவரைக் கண்டால் எங்கள் சனம் நெகிழும். அது எங்கள் குணம். ஆனால் அதோடு எங்களைத் திருப்பி அனுப்பாதீர்கள். 152 அடிக்கு உங்கள் வழி என்ன, எத்தனை ஆண்டில்? எல்லை கடக்கும் பெண்களின் பட்டியலை எந்தத் துறை, எந்த மாதத்துக்குள் எடுக்கும்? ஆண்டிபட்டிக் கண்மாய்க்கு நீர் வருமா, வராதா? வராது என்றால் அதையும் முகத்துக்கு நேரே சொல்லுங்கள். இல்லை என்ற சொல்லைத் தாங்கும் வலு எங்களுக்கு உண்டு. பார்க்கலாம் என்ற சொல்லைத்தான் இனித் தாங்க முடியாது.

எங்கள் வாக்காளர்களுக்கும் இதே சொல்தான். 'நம்ம ஊர்க்காரர்' என்பதும் 'நம்ம ஆளு' என்பதும் 'பெரிய தலைவர்' என்பதும் நமக்குப் போதுமானவையாக இருந்துவிட்டன. சாதியைப் பார்த்துப் போட்டோம், முகத்தைப் பார்த்துப் போட்டோம், நன்றிக்காகப் போட்டோம். அவரவர் மனசாட்சி அது. இனி மேடைக்குக் கீழே நிற்கும்போது ஒரே ஒரு கேள்வியையாவது எழுதி எடுத்துக்கொண்டு போவோம். கைதட்டும் முன் அதைக் கேட்போம்.

அலுவலகத்தாரே, உங்கள் மேசைக்கு ஒரு நாட்காட்டிக் கணக்கையும் சேர்த்து அனுப்புகிறோம். 2001 முதல் நடந்த ஒவ்வொரு பொதுத்தேர்தலுக்குப் பிறகும் புதிய அரசு மே மாதத்தில்தான் பதவியேற்றது. புதிய முதல்வர் முதல் கையெழுத்து போடுவார், நாடெங்கும் செய்தியாகும். எங்கள் பள்ளத்தாக்கின் நாட்காட்டியில் அடுத்த தேதி ஜூன் 1. முதல் போகத்துக்காகத் தேக்கடித் தலைமதகைத் திறக்க வேண்டிய நாள். அணையில் நீர் இருக்கிறதா, வாய்க்கால் தூர்வாரப்பட்டதா, விதைநெல் வந்ததா, கடன் கிடைத்ததா என்று நான்கு கேள்விகள் அன்று காலை ஒரே நேரத்தில் எழும். அவற்றுக்குப் பதில் சொல்லும் கையெழுத்தும் உங்கள் அலுவலகத்திலிருந்துதான் வர வேண்டும்.

முதல் கையெழுத்து எதற்கு என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். ஜூன் 1-ம் தேதி காலை 14,707 ஏக்கர்க்காரர்கள் மண்வெட்டியோடு மடை அருகே நிற்பார்கள். தண்ணீர் வரட்டும்.

இப்படிக்கு,
கம்பம் பள்ளத்தாக்கின் வாக்காளர்கள் சார்பில்,
ஆசிரியர்.